டிக்கெட் கட்டும் பாடக் கட்டும்

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் சுவாமிமலை டவுன் பஸ் புறப்படக் கொஞ்சம் நேரம் இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பின்சீட்டில் கண்டக்டர் இளைஞர் ஒருவர் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, மடியில் இருந்த டிக்கெட் மெஷின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் யாரோ ஒரு பேராசிரியர் வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். கண்டக்டரும் ஒரு துண்டுத்தாளில் அதைப் பார்த்து எழுதினார். எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் இதைக் கவனித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கரஸா தம்பி?"

இளைஞருக்குப் புரியவில்லை. ஒரு காது ஒயரை எடுத்துவிட்டு, "ஆன்லைன் சார். எம்.காம்." என்றார். பிறகு டிரைவர் வந்தார், விசில் ஊதியது, அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோனது. பெரியவருக்கு மட்டும் நிற்கவில்லை. சுவாமிமலையில் இறங்கும்வரை அவர் வேறொரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

அவரும் கண்டக்டராக இருந்தவர்தான். பெயர் வேண்டாம் என்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்; 'கண்டக்டர்' என்றால் திரும்பிப் பார்த்தே பழகிவிட்டது. வேலையில் சேர்ந்தபோது அது சோழன் போக்குவரத்துக் கழகம். 1972ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய அந்தக் கழகம், 1997ல் மன்னர்கள், தலைவர்கள் பெயர்களெல்லாம் அரசு பஸ்களிலிருந்து இறக்கப்பட்டபோது தன் சோழனை இழந்தது. "ஏறினது சோழன்ல, இறங்கினது டி.என்.எஸ்.டி.சி.ல" என்று சிரிப்பார்.

அப்பா குத்தகை விவசாயி. மகனை ஊரின் அரசு கல்லூரியில் பி.யு.சி. சேர்த்துவிட்டார். 1854ல் தொடங்கிய கல்லூரி. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஊரார் இன்றும் சொல்லிக்கொள்வது. பி.யு.சி. முடிந்த கோடையில் அப்பா போய்விட்டார். குத்தகையும் கைமாறியது. தங்கை இருந்தாள், அம்மா இருந்தாள், பி.ஏ. இருக்க இடமில்லை. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்ததுதான் அந்த வயதில் அவர் பார்த்த மேற்படிப்பு.

கல்லூரியைப் பற்றிய ஊர்ப் பெருமையில் ராமானுஜனுக்குத் தனி இடம் உண்டு. 1904ல் அங்கே சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பிப் பார்க்காமல் உபகாரச் சம்பளத்தை இழந்து வெளியேறினார் என்பதைச் சொல்லும்போது மட்டும் ஊரார் குரல் சற்று இறங்கும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோதுதான், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு அவர் கடிதம் போட்டார். பி.ஏ. பட்டம் 1916ல் நிஜமான கேம்பிரிட்ஜில் கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிப்பைத் தேடிய கும்பகோணத்துக்காரர்களுக்கு அவரை மூத்தவர் என்று சொல்லலாமே என்றால் நம் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிடுகிறார். "அவரு மகான்ங்க. நாங்க தர்டு கிளாஸ்ல பாஸ் பண்ணினவங்க."

சில வருஷம் டவுன் பஸ்ஸில் ஓடியபிறகு அவருக்குச் சிதம்பரம் ரூட் கிடைத்தது. சோழபுரம், திருப்பனந்தாள், அணைக்கரை, மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம். காலை வண்டியில் பாதிக் கூட்டம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929ல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. தன் வயதுக்குச் சற்றே இளையவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, அவர்களை அங்கே இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். ரொம்ப நாள் அப்படித்தான் போயிற்று. பொறாமையா என்றால் இல்லை என்கிறார். கலெக்‌ஷன் கணக்கு இடிக்காமல் இருந்தால் போதும் என்ற கவலைக்கு நடுவில் பொறாமைப்பட எங்கே நேரம்?

ஒருநாள் கும்பகோணம் வந்து சேர்ந்து சீட்டெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தது. அஞ்சல்வழிக் கல்வி, விண்ணப்பப் படிவமும் விளக்கக் குறிப்பும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ல் தொடங்கிய இயக்ககத்துடையது. வண்டியில் கிடக்கும் பொருளை டெப்போவில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தார். ஒப்படைப்பதற்கு முன் முகவரியை டிரிப் ஷீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். குடை, தூக்குவாளி, தேங்காய்ப் பை எல்லாவற்றையும் தேடி ஆள் வருவதுண்டு. அந்தப் புத்தகத்தைத் தேடி யாரும் வரவில்லையாம்.

அந்நாளில் இதற்குப் பேச்சு வழக்கில் ஒரே பெயர்தான்: கரஸ். 'கரஸ்ல பி.ஏ. பண்றான்' என்பார்கள். சொல்பவர் முகத்தைப் பார்த்தால் அது பாராட்டா இளக்காரமா என்று தெரியும். டெப்போவில் ஒரு டைம்கீப்பர், "கும்பகோணத்துல டிகிரி வேணும்னா காபி கிளப்புக்குப் போனாப் போதாதா, எதுக்குய்யா சிதம்பரத்துக்கு எழுதிப் போடுற?" என்று கேட்டார். ஊரில் அலுத்துப்போன ஜோக்தான். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

எந்தப் பாடம் எடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. வரலாறு. காரணம் கேட்டால், "என் ஸ்டேஜ் பேருலயே பாதி சிலபஸ் இருந்துச்சே" என்கிறார். உண்மைதான். அணைக்கரை தாண்டியதும் தினமும் தொண்டை கிழியக் கூவிய கங்கைகொண்டசோழபுரம், 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் ராஜேந்திரன் கட்டிய தலைநகர். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஜன்னலில் தெரியும் வீராணம் ஏரி, முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கியது. அணைக்கரையோ சோழருக்கு எண்ணூறு வருஷம் பிந்தியது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. டிக்கெட் விலைக்கு மட்டும் மனப்பாடமாக இருந்த பெயர்களுக்கெல்லாம் இப்போது பின்னால் ஒரு கதை வந்து நின்றது. பாட்டி ஒருத்தி மீன்சுருட்டி டிக்கெட் கேட்டுக் காசை நீட்டும்போது மனசுக்குள் ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருப்பானாம். சில்லறை தப்பாமல் கொடுத்தது அதிசயம்.

பாடங்கள் பார்சலாக வரும். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, பல்கலைக்கழக முத்திரை. பிரித்தால் மட்டக் காகிதத்தில் அச்சடித்த புத்தகங்கள். மை வாசனையும் பசை வாசனையும் கலந்து, மழைக்காலத்தில் வந்தால் கொஞ்சம் ஈர வாசனையும் சேர்ந்து வரும். அவர் டியூட்டியில் இருக்கும்போதுதான் தபால்காரர் வருவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்து வாங்குவாள். "பரீட்சை எழுதப் போறது யாரு, ஆத்தாவா புள்ளையா?" என்று தபால்காரர் கேலி செய்வார். அம்மா அந்தக் கட்டைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மகன் ராத்திரி வந்து குளித்தபிறகுதான் தொட விடுவாள். பஸ்ஸில் வந்த அழுக்கோடு பாடத்தைத் தொடக்கூடாதாம். அதே பாடம் மறுநாளிலிருந்து பஸ்ஸிலேயேதான் கிடக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

படித்ததெல்லாம் பஸ்ஸில்தான். அணைக்கரைப் பாலம் குறுகல். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து தீரும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த நேரம் அவருக்குக் கிடைத்த வகுப்பு. வறுத்த மீன் வாசனைக்கு நடுவில் இரண்டு பக்கம் ஓடும். சிதம்பரத்தில் வண்டி திரும்பும்வரை நாலு பக்கம். தோல்பையில் டிக்கெட் கட்டுகளுக்கும் சில்லறைக்கும் அடியில் பாடப் புத்தகத்தை இரண்டாக மடித்து வைத்திருப்பார். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏறிப் பையைப் பார்த்தபோது வெளியே வந்தது மௌரியர் ஆட்சிமுறை. அவர் புரட்டிப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை எண்ண ஆரம்பித்தார்.

நடுவில் கொஞ்ச காலம் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நைட் ஹால்ட் டியூட்டி. கடைசி டிரிப் போய் வண்டியைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, டிரைவர் பின்னால் நீள சீட்டில் படுப்பார். கண்டக்டர் பணப்பையைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டும். இவருக்கோ தூக்கம் வராது, பாடம் படிக்க வேண்டும். பஸ் விளக்கைப் போட்டால் டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "ஏம்ப்பா, பேட்டரி இறங்கிருச்சுன்னா காலையில வண்டி ஸ்டார்ட் ஆவாது. நீ தள்ளுவியா?" கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கோயில் டியூப் லைட்டுக்கு அடியில் வண்டியை நிறுத்துவது. அதற்குப் பதிலாகப் படிப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். டிரைவருக்குப் பொழுது போகணும்.

இப்படித்தான் ஒரு டெல்டா கிராமத்தின் பிள்ளையார் கோயில் வாசலில் பிரெஞ்சுப் புரட்சி நடந்தது. பாஸ்டில் சிறை உடைந்ததோடு ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் முதல் டிரிப்பில் கியர் போட்டுக்கொண்டே டிரைவர் கேட்டார்: "அந்த லூயி தலை போச்சா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல." முன்சீட்டுக்காரர் யாரோ தெரிந்தவர் செத்துப்போனதாக நினைத்து, எந்த ஊர் லூயி என்று விசாரித்தார். அந்த டிரைவர் ஐந்தாவதோடு நின்றவர். பின்னாளில் அவர் மகன் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சி படித்தபோது, 'நம்மப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்' என்று வீடே திகைத்ததாம். ஒரு பரீட்சைக் கட்டணத்தில் இரண்டு பேர் படித்தது பல்கலைக்கழகக் கணக்கில் ஏறியிருக்காது.

சிதம்பரம் வண்டியில் தினமும் திருப்பனந்தாள்வரை வரும் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அங்கே காசி மடத்தைச் சேர்ந்த செந்தமிழ்க் கல்லூரிக்குப் போகிறவர். கண்டக்டர் என்று சொல்லமாட்டார், 'நடத்துநர் தம்பி' என்பார். பையில் பாடப் புத்தகம் இருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து முன்சீட்டை விட்டுவிட்டுக் கண்டக்டர் சீட்டுப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை இவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

மு.வரதராசன் கதை அது. திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர், உடம்பு முடியாமல் வேலையை விட்டு, பிறகு பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே பிரைவேட்டாகப் படித்தவர். 1935ல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். அதற்கு 1000 ரூபாய் பரிசு கொடுத்தது திருப்பனந்தாள் மடம். "இந்த வாசல்லேருந்துதான் போச்சு அந்த ஆயிரம்" என்று பஸ் நிற்கும்போது ஐயா கையைக் காட்டுவார். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று பஸ்ஸில் ஒரு விவாதமே நடக்கும். 1939ல் பி.ஓ.எல்., 1944ல் எம்.ஓ.எல். என்று அவர் மேலே மேலே படித்துக்கொண்டே போனார். 1948ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1971ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அந்தப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியதும் அந்த வருஷத்திலேதான். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் தானாகப் படித்தவர் தலைமையில் தபால் படிப்பு வந்தது தற்செயலா இல்லையா என்று ஐயா தீர்ப்புச் சொல்லமாட்டார். திருப்பனந்தாள் வந்துவிடும், இறங்கிவிடுவார்.

தமிழ்நாட்டில் இது புதுப் பழக்கமே இல்லை என்பது அவர் கட்சி. 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வுகள் நடத்தியது. எங்கெங்கோ வேலையில் இருந்தவர்கள் வீட்டில் படித்துவிட்டுப் போய் எழுதினார்கள். லண்டன் பல்கலைக்கழகம் 1858லிருந்தே வகுப்புக்கு வராதவர்களுக்கும் பட்டம் கொடுத்து வந்தது. இலங்கைத் தமிழர்கள் 'வெளிவாரி' என்று சொல்லி அதை ஒரு தலைமுறைக்கே தங்கள் பட்டமாக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் 1962ல் டெல்லிப் பல்கலைக்கழகம் முதலில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது 1981ல். இவ்வளவு வம்சாவளி இருந்தும் 'தபால் பட்டம்' என்ற முகச்சுளிப்பு போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

கான்டாக்ட் கிளாஸ் என்று ஒன்று உண்டு. வருஷத்தில் சில நாள் நேரில் போய் உட்கார வேண்டும். தினமும் டிக்கெட் கிழித்துப் பிள்ளைகளை இறக்கிவிட்ட இடத்தில், வேட்டி சட்டையோடு அவர் ஒரு பயணியாக இறங்கினார். டியூட்டியில் இருந்த கண்டக்டர் தெரிந்தவர். ஸ்டாஃப் என்று டிக்கெட் வாங்கவில்லை. "ஸ்டூடன்ட்டுக்கு கன்செஷன்தான், ஃப்ரீ கிடையாது" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

வகுப்பில் பார்த்த முகங்களை அவர் இன்னும் வரிசையாகச் சொல்கிறார். பேரன் எடுத்துவிட்ட ஒரு கிராம முன்சீப். மொட்டை வெயிலில் பூட்ஸோடு வந்து உட்கார்ந்த போலீஸ்காரர். கைக்குழந்தையை வராந்தாவில் தன் அம்மா மடியில் விட்டுவிட்டு வந்த கிராம நர்ஸ். குழந்தை அழுதால் சொற்பொழிவு நிற்கும், யாரும் குறைசொன்னதில்லை. திருபுவனத்திலிருந்து வந்த பட்டு நெசவாளி ஒருவர், பாடத்தாளைத் தறியில் கண்ணுக்கு நேரே கட்டித் தொங்கவிட்டிருப்பாராம். நாடா போய் வரும் நேரத்தில் ஒரு வரி. விரிவுரையாளர் இவர்களில் பலரைவிடச் சின்னவர். முதல் நாள் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் எல்லாரையும் 'சார்' என்றார். மாணவர்களும் அவரை சார் என்றார்கள். சந்தேகம் கேட்பதற்கு மட்டும் இவர்களுக்குக் கூச்சமே கிடையாது. காசு கட்டிப் படிக்கிறவன் கேட்காமல் விடமாட்டான். மதியம் ஆளுக்கொரு தூக்கைத் திறந்தால் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அங்கே இருக்கும்: வத்தக்குழம்பு, கருவாடு, புளியோதரை, நெசவாளி வீட்டுச் சௌராஷ்டிரச் சமையல்.

பரீட்சை மே மாதத்தில், தவறினால் டிசம்பரில். மே என்றால் காவிரியில் மணல்தான் ஓடும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும்வரை ஊரே வறண்டு கிடக்கும். டிசம்பர் என்றால் மழை, சம்பா கதிர் சாய்ந்ததா நிமிர்ந்ததா என்ற பேச்சு, கொள்ளிடத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்ற விசாரணை. அப்படி ஒரு டிசம்பரில், ராத்திரி டியூட்டிக்கு மாற்று ஆள் மழையில் மாட்டிக்கொண்டதால் இவரே டபுள் டியூட்டி பார்க்க வேண்டியதாயிற்று. காலையில் டெப்போவுக்கு வந்தபோது பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. பணம் கட்டும் வரிசையில் இருந்த கண்டக்டர்கள் எல்லாரும் ஒதுங்கி இவரை முன்னால் விட்டார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு, காக்கி உடுப்போடு, தோளில் விசில் கயிறு தொங்க, பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்குள் ஓடினார்.

மேற்பார்வையாளர் இவர் யாரையோ தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, "யாரைப் பார்க்கணும்?" என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வழியில கையைக் காட்டினா இவரு நிறுத்தவே மாட்டாரு சார். இன்னைக்கு நீங்க ஏத்திக்குங்க!" ஹாலே சிரித்தது. மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்ச். முழங்காலை மடக்கி உள்ளே நுழைவதற்குள் பாதி வேர்வை போய்விடும். முதல் கேள்வி சோழர் நீர்ப்பாசனம். வீராணத்திலிருந்து ஆரம்பித்தேன் என்கிறார்.

இங்கிலீஷ்தான் காலை வாரியது. அரியர், மறுபடி அரியர். காப்பாற்றியவர்கள் காலை வண்டி மாணவர்கள். படிப்பது தெரிந்ததும் ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் திருப்பனந்தாளிலிருந்து காட்டுமன்னார்கோயில்வரை சுருக்கி எழுதுதல் சொல்லித் தருவான், இன்னொருவன் அங்கிருந்து சிதம்பரம்வரை கடிதம். குருதட்சிணையாகப் படிக்கட்டில் தொங்க அனுமதி கேட்டார்கள். அதைமட்டும் அவர் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த மனைவியும் இந்த வகுப்பில் சேர்ந்துகொண்டார். மழையில் நனைந்த பாடத்தாள்களைக் கரி இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைத்தது அவர்தான். அப்படித் தேய்க்கும்போதே எழுத்துக் கூட்டி இங்கிலீஷும் படித்துக்கொண்டிருக்கிறார். "ஏங்க, இந்த வார்த்தைய நீங்க தப்பாச் சொல்றீங்க" என்று ஒருநாள் அவர் திருத்தியபோது வீட்டில் சிரிப்பு அடங்க நேரமானது.

பட்டம் வந்தது. அதுவும் தபாலில்தான். பட்டமளிப்பு விழா நாளில் அவருக்கு டியூட்டி. ரெஜிஸ்டர் தபாலில் உருளையாக வந்ததை அம்மாதான் கைநாட்டு வைத்து வாங்கினாள். தபால்காரர் அன்றைக்குக் கேலி செய்யவில்லையாம். இனாமாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு இருக்கும். அதை மாட்டிக்கொண்டு, கையில் பட்டத்துக்குப் பதிலாகச் சுருட்டிய காலண்டர் தாளைப் பிடித்துக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட படம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இப்போது ஸ்டூடியோக்களே அருகிவிட்டன, அங்கிக்கு எங்கே போவது.

சம்பளத்தில் அந்தப் பட்டத்தால் ஒரு ரூபாய் ஏறவில்லை. தங்கை கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சானது. ஒரு சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள தபால்னு போட வேண்டாமா?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் சொன்னார் என்பதுதான் மனசில் தைத்தது. அதே சித்தப்பாவின் மகள் சில வருஷம் கழித்துக் கரஸில்தான் பி.காம். படித்தாள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது இவர்.

அதற்கப்புறம் இவர் வீடு ஏறக்குறைய ஒரு தகவல் நிலையமாகிவிட்டது. கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்கு யாரிடம் போகலாம், டி.டி. எந்தப் பெயருக்கு எடுக்க வேண்டும், மார்க் ஷீட் வராவிட்டால் எப்படி எழுத வேண்டும் என்று டெப்போ ஆட்களும் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982ல் வந்தது, 1985ல் இக்னோ, 2002ல் தமிழ்நாட்டுக்கே ஒன்று. தெருவுக்குத் தெரு படிப்பு மையம் போர்டு தொங்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் அவர் இன்றும் சங்கடத்தோடு நினைக்கிற விஷயம் நடந்தது.

கூட வேலை பார்த்த இளையவர் ஒருவர் பத்தாவதோடு நின்றவர். பன்னிரண்டாவதும் வேண்டாம், பி.ஏ.யும் வேண்டாம், திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ. எழுதலாம் என்று ஒரு மையத்தில் சொன்னார்கள். எழுதினார், பாஸும் பண்ணினார். இனிப்பு கொடுத்தார். 2009ல் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் இப்படி வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. பத்தாவது, பன்னிரண்டாவது என்று முறையாக ஏறிவந்து வாங்கிய பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்பது என்று அதே ஆண்டு தமிழக அரசும் ஆணை போட்டது. அந்த இளையவர் ராத்திரி ராத்திரியாக விழித்துப் படித்தது நிஜம். பாடத்தில் எதைக் கேட்டாலும் சொல்வார். படியைத் தாண்டி ஏறச் சொன்னவர்கள் யாரும் அப்புறம் போனை எடுக்கவில்லை. கடைசியில் அவர் நாற்பது வயதுக்கு மேல் பன்னிரண்டாவது எழுதினார், மகளோடு சேர்ந்து டியூஷனுக்குப் போய்.

இப்போது காலம் நிறையவே மாறியிருக்கிறது. பாடம் கைபேசியில் வருகிறது. கைநாட்டு வைக்க அம்மா வேண்டாம், அணைக்கரையில் காத்திருக்க வேண்டாம். அனுமதி பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்பில் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022ல் பல்கலைக்கழக மானியக் குழுவே தெளிவாகச் சொல்லிவிட்டது. சித்தப்பாவின் அடைப்புக்குறிக்கு அரசாங்கமே பதில் சொன்ன மாதிரி. ஆனால் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு படிக்கிறவருக்கு லூயி தலை போச்சா என்று கேட்க ஒரு டிரைவர் கிடைக்கமாட்டார். நெசவாளியும் நர்ஸும் போலீஸ்காரரும் ஒரே பெஞ்சில் தூக்கைத் திறக்கும் மதியமும் குறைந்துவிட்டது. வசதி வந்ததில் இது போனது நஷ்டம்தான் என்பது கண்டக்டரின் கட்சி. இந்தக் கட்டுரையின் கட்சியும் அதுவே.

இந்த வருஷம் வேலையோடு வேலையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்லச் சொன்னவை இவை. பணம் கட்டுவதற்குமுன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள்; பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவற்றுக்கு அனுமதியே கிடையாது. ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கட்டும், மையத்துக்காரர் பெயரில் வேண்டாம். பன்னிரண்டாவது விட்டுப்போயிருந்தால் முதலில் அதை எழுதிவிடுங்கள்.

விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் சாயங்காலத்தில் வீட்டுக்கு வரலாமாம். டெப்போவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.